ஒரு சொல்லில் அடங்குவாளா ஒரு பெண்?

“அவளா? சரியான ஊமைக் கொட்டான்!”

இப்படி ஒருத்தியைப் பற்றிச் சொல்லிவிட்டு எத்தனை எளிதாக அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம்! ஒருத்தி வாயாடி, ஒருத்தி சிடுமூஞ்சி, இன்னொருத்தி அழுத்தக்காரி, மற்றொருத்தி, பாவம், அப்பாவி. பதினாறு ஆண்டுகள் அழுதும் சிரித்தும், சண்டையிட்டும் சமாதானமாகியும் வளர்ந்த ஒரு பெண்ணை ஒரே சொல்லில் மூட்டை கட்டி மூலையில் வைத்துவிடுகிறோம். இது தகுமா? பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் சிலர் இவ்வாண்டு பல நாள் உணவு இடைவேளையில் சோற்றுக் கையோடு இதைப் பற்றி வாதிட்டிருக்கிறோம். நூலகத்தில் கிடைத்த உளவியல் நூல்களையும் புரட்டிப் பார்த்தோம். தகாது என்பதே எங்கள் முடிவு. அதற்கான காரணங்களை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் பெற்றோர் முன்னும், முக்கியமாக எங்கள் தோழியர் முன்னும் வைக்க விரும்புகின்றோம்.

‘ஆளுமை’ என்ற சொல்லை உளநூலார் வழங்குகின்றனர். நம் அம்பத்தூரிலும் ஆவடியிலும் வழங்குவது ‘பர்சனாலிட்டி’ என்ற சொல்லே. ஆனால் அதன் பொருளைப் பாருங்கள்! “மாப்பிள்ளை நல்ல பர்சனாலிட்டி” என்றால் ஆறடி உயரம், அகன்ற தோள், எடுப்பான தோற்றம், அவ்வளவுதான். அவர் கோபக்காரரா, கொடுத்த வாக்கைக் காப்பவரா என்பதெல்லாம் அதில் அடக்கம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் சொல்லும் நாடக நடிகர் அணியும் முகமூடியைக் குறித்ததுதான். உளநூலார் கேட்பதோ முகமூடிக்குப் பின்னால் உள்ளதை. ஒருவர் நினைப்பதிலும் உணர்வதிலும் நடந்துகொள்வதிலும் அவருக்கே உரிய ஒரு போக்கு, காலம் கடந்தும் ஓரளவு நிலைத்து நிற்பது எதுவோ, அதுவே ஆளுமை.

மனிதரை வகை பிரிக்கும் ஆசை மிகப் பழையது. கிரேக்க மருத்துவர் உடலில் நான்கு நீர்கள் உண்டென்று கூறி, அவற்றிற்கேற்ப நான்கு வகை மனிதரைக் கண்டனர். நம் சித்த மருத்துவர் வாதம், பித்தம், கபம் என்றனர். சத்துவம், ராஜசம், தாமசம் என்ற முக்குணப் பிரிவும் நமக்குத் தெரிந்ததே. பின்னாளில் வியன்னாவின் சிக்மண்ட் பிராய்டு வந்து, நாம் அறியாத அடிமனமே நம்மை ஆட்டுவிக்கிறது என்றார். அவரைப் பற்றி எங்கள் குழுவிற்குள்ளேயே ஒற்றுமை ஏற்படாததால் அவரை இங்கே விட்டுவிடுகிறோம்!

எங்களை மிகவும் கவர்ந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் ஆல்போர்ட். மனிதருக்குள் உள்ள வேறுபாடுகளில் முக்கியமானவை எல்லாம் மக்கள் பேசும் மொழியில் சொற்களாகப் படிந்திருக்கும் என்று அவர் கருதினார். எனவே ஹென்றி ஆட்பர்ட் என்பவரோடு சேர்ந்து ஆங்கில அகராதி ஒன்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, மனிதரின் இயல்பைச் சொல்லும் சொற்களை எல்லாம் திரட்டினார். 1936ஆம் ஆண்டு வெளிவந்த அந்தப் பட்டியலில் இருந்தவை 17,953 சொற்கள். அவற்றுள் நிலையான குணத்தைக் குறிப்பவை ஏறத்தாழ 4,500.

நாங்களும் சும்மா இருப்போமா? ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வீட்டிலும் தெருவிலும் காதில் விழுந்த சொற்களை எழுதத் தொடங்கினோம். வெகுளி, முசுடு, கல்லுளிமங்கன், அழுகுணி, துடுக்கு, கஞ்சம், தொட்டாற்சிணுங்கி, முன்கோபி, சாது, பிடிவாதக்காரி, வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புகிறவள்... இரண்டு வாரத்தில் பக்கங்கள் நிரம்பிவிட்டன. எழுதியதைத் திருப்பிப் படித்தபோது இரண்டு செய்திகள் உறைத்தன. முதலாவது, வசைச் சொற்கள் குவிந்து கிடக்க, பாராட்டும் சொற்கள் விரல் விட்டு எண்ணும்படி இருந்தன. இரண்டாவது, பெண்களைப் பற்றிய சொற்களில் மிகப் பலவும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன: அவள் அதிகம் பேசுகிறாளா, குறைவாகப் பேசுகிறாளா? அதிகம் பேசினால் வாயாடி. குறைவாகப் பேசினால் ஊமை, அழுத்தக்காரி. சரியான அளவில் பேசுகிறவளுக்கு மட்டும் ஏனோ தமிழில் ஒரு பெயரும் எங்களுக்கு அகப்படவில்லை!

ஆல்போர்ட்டின் சொற்குவியலைப் பின்வந்தோர் கணக்கியல் முறைகளால் சுருக்கிச் சுருக்கி, இன்று பெரும்பாலோர் ஒப்பும் ஐந்து பெரும் குணக்கூறுகளுக்குக் கொண்டுவந்துள்ளனர். புதியனவற்றை வரவேற்கும் மனம், பொறுப்புணர்ச்சி, வெளிநோக்கு, பிறரோடு இணங்கும் தன்மை, எளிதில் கலங்கும் தன்மை ஆகியவையே அவை. இங்கே கவனிக்க வேண்டியது, இவை ஐந்து பெட்டிகள் அல்ல என்பது. இவை ஐந்து அளவுகோல்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கோலிலும் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறோம். மிகப் பலர் நடுவிலேயே நிற்கிறோம். உயரத்தை அளக்கும்போது யாரும் வகுப்பை ‘நெட்டை’, ‘குட்டை’ என்று இரண்டே பிரிவாக்கிவிடுவதில்லை. குணத்தில் மட்டும் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?

அகநோக்கு, வெளிநோக்கு என்ற பிரிவை 1921ஆம் ஆண்டு தம் நூலில் விளக்கியவர் சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங். நம்மிடையே இதைப் பற்றிப் பெரியதொரு குழப்பம் உண்டு. அகநோக்குடையவள் தனிமையில் இளைப்பாறுகிறாள். கூட்டம் அவளைக் களைப்படையச் செய்கிறது. கூச்சமுடையவளோ கூட்டத்திற்குள் போக ஆசைப்படுகிறாள், ஆனால் அஞ்சுகிறாள். முன்னது இயல்பு, பின்னது அச்சம். முன்னதை மாற்ற வேண்டியதே இல்லை. பின்னதற்குத் துணை வேண்டும். இரண்டையும் சேர்த்து ‘அமைதியான பெண்’ என்று எழுதிவிட்டால் யாருக்கு என்ன தேவை என்பது எப்படித் தெரியும்?

இவ்விடத்தில் எங்கள் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

நாங்கள் எட்டாம் வகுப்பில் படித்தபோது பேச்சுப் போட்டிக்குப் பெயர் கேட்டார்கள். ஒரு தாள் வகுப்பில் சுற்றி வந்தது. அதில் எங்கள் தோழி ஒருத்தி தன் பெயரை எழுதியிருந்தாள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் அவள் வாயைத் திறந்து நாங்கள் அதிகம் கேட்டதில்லை. ஆண்டுதோறும் அவளுடைய மதிப்பெண் அட்டையில் ‘அமைதியானவள்’ என்ற சொல்லே ஏறிக்கொண்டிருந்தது. “ஏண்டி, இவளா பேசப் போறா? தெரியாம எழுதியிருப்பா” என்றாள் எங்களில் ஒருத்தி. எல்லாரும் சிரித்தோம். பேனாவால் ஒரு கோடு! பெயர் போயிற்று. அவள் அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததே அவள் ஊமைதான் என்பதற்குச் சான்றாயிற்று. எவ்வளவு வசதியான நியாயம், பாருங்கள்!

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலையில் எங்களுள் இருவர் பூவிருந்தவல்லிக் கடைவீதிக்குப் போயிருந்தோம். “அரைக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி! கட்டு பாத்து எடுங்கம்மா!” என்று ஒரு குரல் பேருந்துகளின் ஓசைக்கு மேலே கேட்டது. திரும்பினால் அவள்! தாயாருக்குக் காய்ச்சல் என்று தானே கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விலை குறைக்கச் சொன்ன ஒரு பெரியவரிடம் சிரித்துக்கொண்டே பேசி, அவர் கேட்டதற்கு மேல் இரண்டு கட்டு விற்றாள். சில்லறைக் கணக்கில் ஒரு தடுமாற்றம் இல்லை. எங்களைக் கண்டதும், “என்னங்கடி இந்தப் பக்கம்?” என்றாள். நாங்கள்தாம் ஊமையாகி நின்றோம்.

எது அவளுடைய உண்மையான குணம்? வகுப்பில் கண்டதா, கடையில் கண்டதா?

இதே கேள்வியை உளவியலில் பெரும் புயலாகக் கிளப்பியவர் வால்டர் மிஷல் என்னும் அறிஞர். 1968ஆம் ஆண்டு வெளியான தம் நூலில், ஒருவரை ஓரிடத்தில் பார்த்து அறிந்த குணத்தைக் கொண்டு வேறோர் இடத்தில் அவர் எப்படி நடப்பார் என்று கூறுவது பலமுறை பொய்த்துப்போகிறது என்று அவர் காட்டினார். அப்படியானால் குணம் என்று ஒன்றே இல்லையா எனப் பலர் கொதித்தெழுந்தனர். விடை மெதுவாகவே வந்தது. மிஷலும் அவருடன் உழைத்தவர்களும் கோடைக்கால முகாம் ஒன்றில் சிறுவர்களை நாள்தோறும் கவனித்து, 1994ஆம் ஆண்டு அதன் முடிவுகளை வெளியிட்டனர். ‘சண்டைக்காரப் பையன்’ என்று பொதுவாகச் சொல்லப்பட்டவர்களில் ஒருவன் தன் வயதுப் பிள்ளைகள் சீண்டினால் மட்டுமே சீறினான். மற்றொருவன் பெரியவர்கள் எச்சரித்தால் சீறினான். பிள்ளைகள் சீண்டினால் பொறுத்துக்கொண்டான். கூட்டிக் கழித்தால் இருவருக்கும் கோபம் ஒரே அளவு. ஆனால் இருவரும் ஒருவரல்லர்! இன்ன நிலைமை வந்தால் இவன் இன்னது செய்வான் என்ற அந்த ஒழுங்கு நாள் மாறினாலும் மாறவில்லை. அதுவே அவனுடைய கையெழுத்துப் போன்றது.

எங்கள் தோழிக்கும் அப்படி ஓர் ஒழுங்கு இருந்தது. தனக்குத் தெரிந்த தொழிலில், தன்னை நம்பிக் கடையைக் கொடுத்த தாயின் பார்வையில், அவள் பேசினாள். தன்னைப் பார்த்துச் சிரிக்கக் காத்திருந்த நாற்பது பேர் நடுவே பேசவில்லை. அவள் மௌனத்தில் பாதி எங்களுடையது.

குணம் என்பதே கிடையாது, எல்லாம் சூழ்நிலைதான் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று தொட்டிலிலேயே சிரிக்கும். ஒன்று ஊரைக் கூட்டும். இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள் மனிதருக்கிடையே உள்ள குண வேறுபாடுகளில் ஏறக்குறையப் பாதி பிறவியோடு தொடர்புடையது என்கின்றனர். ஆயினும் பெரியவர்கள் அடிக்கடி எடுத்து வீசும் ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்ற பழமொழியோடு எங்களுக்குச் சிறு வழக்கு உண்டு. 2000ஆம் ஆண்டு ராபர்ட்ஸ், டெல்வெக்கியோ என்ற இருவர், மனிதரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 152 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். ஒருவருடைய குணம் சில ஆண்டுகளுக்குப் பின்னும் மற்றவர்களோடு ஒப்பிட அதே இடத்தில் நிற்பதை 1 என்றும், முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்பே இல்லாததை 0 என்றும் கொண்டால், குழந்தைப் பருவத்தில் அது 0.31தான். கல்லூரி வயதில் 0.54. முப்பது வயதில் 0.64. ஐம்பதைத் தாண்டிய பின்னரே 0.74 வரை போகிறது. அதாவது, கெட்டிப்படுவது ஐந்தில் அன்று, ஐம்பதில்! எட்டாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குச் சூட்டும் பெயர் ஈரக் களிமண்ணில் பதிக்கும் முத்திரை.

ஒட்டிய பெயரை நாமே நம்பிவிடுவதும் எளிது. 1948ஆம் ஆண்டு பெர்ட்ரம் போரர் என்ற பேராசிரியர் தம் மாணவர் 39 பேருக்குக் குணச் சோதனை ஒன்று வைத்தார். பிறகு ஒவ்வொருவரிடமும், இது உன்னைப் பற்றிய முடிவு என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26! உண்மையில் எல்லாருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். அதன் வாசகங்கள் சோதிட நூல் ஒன்றிலிருந்து எடுத்தவை. நாங்களும் வார இதழ் ஒன்றின் ராசிபலனைப் பெயர் மாற்றி எங்கள் வகுப்பில் படித்துக் காட்டினோம். கன்னி ராசிக்காரிகள் விருச்சிக ராசியின் பலனைக் கேட்டு, “அப்படியே என்னைச் சொன்ன மாதிரி இருக்குடி!” என்று வியந்தனர். கைப்பேசியில் பத்துக் கேள்விக்கு விடை சொன்னால் நான்கு எழுத்தில் நம் குணத்தை எழுதித் தரும் விளையாட்டை ராசிபலனைவிட உயர்ந்தது என்று நினைப்போரும் எங்களுள் உண்டு. சில வாரம் கழித்து மீண்டும் விளையாடிப் பாருங்கள், எழுத்து மாறினாலும் மாறும்.

அப்படியானால் ஒருவரை அறிந்துகொள்ள வழியே இல்லையா? உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். இதை எங்களுக்கு விளக்கியவர் எங்களுள் ஒருத்தியின் அக்காள். அவர்கள் குடும்பம் ஆவடியில் இருக்கிறது. தந்தையார் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையில் பணிபுரிபவர். பட்டம் பெற்ற பின் அக்காள் இராணுவ அதிகாரித் தேர்வுக்கு விண்ணப்பித்து, பெங்களூரில் உள்ள தேர்வு வாரியத்திற்குப் போய் வந்தார். பரங்கிமலையில் 1963ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இராணுவப் பயிற்சிக் கழகத்தில் 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். பள்ளிப் படிப்பை முடித்தவுடனே சேரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியும் 2022இல் பெண்களுக்குத் திறந்தது. ஆதலால் இது ஆவடிப் பெண்களுக்கு ஏட்டுச் செய்தி அன்று, வீட்டுச் செய்தி.

இந்தத் தேர்வு முறை இந்தியாவிற்கு வந்தது இரண்டாம் உலகப் போரின்போது, 1943ஆம் ஆண்டு, டேராடூனில். அதற்கு முன் அதிகாரிகள் சிலர் உட்கார்ந்து கால் மணி, அரை மணி நேரம் பேசிப் பார்த்தே ஆள் எடுத்தனர். பையன் எந்தக் குடும்பம், எந்தப் பள்ளி, கைகுலுக்கல் எப்படி என்பவையே போதுமானவையாக இருந்தன. போர்க்களத்தில் அந்தக் கணக்குப் பொய்த்தது. ஆகவே உளநூல் வல்லுநரை அழைத்தனர்.

அக்காள் சொன்னதைக் கேட்டு எங்களுக்கு மூச்சு வாங்கியது. ஐந்து நாள் தேர்வு! ஒரு நாள் முழுவதும் எழுத்து. திரையில் ஒரு சொல் தோன்றும். பதினைந்து விநாடியில் மனத்தில் பட்டதை எழுத வேண்டும். இப்படி அறுபது சொல். பிறகு படங்கள். ஒவ்வொன்றையும் முப்பது விநாடி பார்த்து, நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். கடைசிப் படம் வெறும் வெள்ளைத் திரை! இந்தப் படக்கதைச் சோதனை 1935ஆம் ஆண்டு ஹார்வர்டில் பிறந்தது. கிறிஸ்டியானா மார்கன் என்ற பெண்மணியும் ஹென்றி மர்ரேயும் உருவாக்கியது. முதற் கட்டுரையில் மார்கன் பெயரே முன்னால் இருந்தது. 1943இல் நூலாக வந்தபோது அட்டையில் அவர் பெயர் இல்லை. பேனாவால் கோடு இழுப்பது நம் வகுப்பில் மட்டும் நடப்பதன்று.

அடுத்த நாட்களில் மைதானத்தில் பலகையும் கயிறும் பீப்பாயும் கொடுத்துக் குழுவாகத் தடை தாண்டச் சொல்வார்கள். தனியே ஒருவர் அமர்ந்து நெடுநேரம் உரையாடுவார். எழுதியதைப் படிக்கும் உளநூலார் ஒருவர், மைதானத்தில் பார்ப்பவர் ஒருவர், உரையாடுபவர் ஒருவர். மூவரும் தனித்தனியே கணித்து, கடைசி நாளில் ஒன்றுகூடியே முடிவு செய்வார்கள். இந்த முறையில் குறையே இல்லை என்று நாங்கள் வாதாட வரவில்லை. படத்தைப் பார்த்து எழுதும் கதையில் மனம் அவ்வளவு தெளிவாகத் தெரியுமா என்று உளநூலாரிலேயே பலர் ஐயுறுகின்றனர். ஆனால் ஒன்று எங்களுக்குப் பிடித்தது. ஓர் ஆளைப் பற்றி முடிவு சொல்லப் பல இடத்தில், பல வேலையில், பல கண்கள் பார்க்க வேண்டும் என்ற அடக்கம் அதில் இருக்கிறது.

அக்காளுக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது தற்குறிப்புத் தாளாம். பதினைந்து நிமிடம். பெற்றோர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள்? தோழியர் என்ன நினைக்கிறார்கள்? உன்னைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? இனி எப்படி ஆக விரும்புகிறாய்? “முதல் மூணும் மளமளன்னு எழுதிட்டேன். ‘அடக்கமானவள், சொன்ன பேச்சைக் கேட்பவள்’னு சின்ன வயசிலேர்ந்து கேட்டதுதானே. நாலாவதுல பேனா நின்னுபோச்சு” என்றார் அக்காள். அம்முறை அவர் தேர்வு பெறவில்லை. மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறார், நாலாவது கேள்விக்குத்தான் இப்போது தயாராகிறாராம்.

எரிக் எரிக்சன் என்ற உளநூல் அறிஞர், நம் வயதின் பெரிய வேலையே அந்த நாலாவது கேள்விதான் என்கிறார். நான் யார் என்று பலவிதமாக இருந்து பார்த்து, சிலவற்றை உதறி, சிலவற்றைக் கைக்கொள்ளும் பருவம் இது. காந்தியடிகளின் அகமதாபாத் உண்ணாநோன்பைப் பற்றி 1969இல் நூல் எழுதியவரும் இவரே. பள்ளியில் பேசவே கூசிய ஒரு சிறுவன் எப்படி அந்தக் காந்தி ஆனான் என்பதை நாங்களும் பாடத்தில் படித்திருக்கிறோம். போர்பந்தரிலும் ராஜகோட்டிலும் அவர் மதிப்பெண் அட்டையில் ‘அமைதியானவர்’ என்று எழுதியிருந்தால் அது பொய்யாகியிராது. ஆனால் அதனால் யாருக்கு என்ன தெரிந்திருக்கும்?

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். பள்ளியை விட்டுப் போகும்போது தரும் மாற்றுச் சான்றிதழில் ‘நடத்தையும் குணமும்’ என்று ஓர் இடம் உண்டு. ‘நன்று’ என்று நிரப்பித் தருகிறார்கள். அது அரசாங்கப் படிவம், போகட்டும். ஆனால் ஆண்டுதோறும் எங்கள் அட்டையில் ஆசிரியர்கள் எழுதும் அந்த ஒரு வரி அவர்கள் கையில் உள்ளது. அதில் பண்புச் சொல்லுக்குப் பதிலாக, கண்ணால் கண்ட ஒரு செயலை எழுதலாகாதா? ‘அமைதியானவள்’ என்பதற்குப் பதில், ‘சிறு குழுவில் நன்கு பேசுகிறாள், முழு வகுப்பின் முன் இன்னும் தயங்குகிறாள்’ என்று எழுதினால் அடுத்த ஆண்டு ஆசிரியைக்கு ஒரு வழி தெரியும். ‘சோம்பேறி’ என்பதற்குப் பதில், ‘வீட்டுப்பாடம் இம்மாதம் எட்டு முறை கொண்டுவரவில்லை’ என்று எழுதினால், ஏன் என்று யாரேனும் கேட்பார்கள். ஐம்பது பிள்ளைகளுக்கு எழுதுவதற்கு நேரம் ஏது என்பார்கள்; நியாயந்தான். ஆனால் பிள்ளைக்கு ஒரு வரிதானே கேட்கிறோம். பெற்றோரே, உறவினர் வந்திருக்கும்போது எங்களை முன்னால் நிறுத்தி, “இவ இப்படித்தான், சின்னதிலேர்ந்தே” என்று அறிமுகம் செய்வதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

தோழியரே, உங்களிடம் கேட்க எங்களுக்கு உரிமை குறைவு. அந்தக் கோட்டை இழுத்தவர்கள் நாங்கள்.

கீரைக்கடையில் பார்த்த மறு திங்கட்கிழமை அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். “அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லைடி” என்றாள். அது உண்மையா, எங்களைக் காப்பாற்றச் சொன்னதா என்று இன்றுவரை பிடிபடவில்லை. இவ்வாண்டு பேச்சுப் போட்டிக்கான தாள் சென்ற வாரம் வகுப்பில் சுற்றி வந்தது. மூன்றாவது வரியில் அவள் பெயர் இருக்கிறது, அவள் கையெழுத்திலேயே. போட்டி நடைபெறுவது இந்த மலர் அச்சுக்குப் போன பிறகு.